கொதிக்கும் குழம்புக்குள் சிப்பி எப்படி வந்தது?

கேள்வி: ஐயா, பழங்காலத்து எரிமலைத் தீவுகளின் பாறைக்கு எத்தனை வயது என்று கடல் உயிர்களின் படிவங்களை, அதாவது கல்லாகிப்போன மிச்சங்களை வைத்துச் சொல்கிறார்களாம், கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற குழம்பில் சிப்பி விழுந்தால் என்ன மிஞ்சும்? எனக்குச் சமாதானமாகவே இல்லை.
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: நீங்கள் சந்தேகப்பட்டது ரொம்பச் சரி, குழம்புக்குள் விழுந்தது எதுவும் மிஞ்சாது. ஆனால் உங்கள் மகள் சொல்வதும் சரிதான். படிவம் இருப்பது ஒரு குழம்பு ஓடி முடிந்து அடுத்த குழம்பு வருவதற்குள் கிடைத்த இடைவெளியில்.

கடல்தளம் ஒன்று இன்னொன்றின் அடியில் சரிந்து இறங்குகிற இடத்தில் எரிமலைகள் வரிசையாகக் கிளம்பி, வில் மாதிரி வளைந்த தீவுக்கூட்டம் உருவாகிறது. நமக்குப் பக்கத்திலேயே, அந்தமானுக்குக் கிழக்கே பாரன் தீவு அந்த வகை. 1787-லும் அதற்குப் பிறகு சில முறையும் குமுறிவிட்டு, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு சும்மா கிடந்து, 1991-ல் மறுபடி எழுந்தது. மனிதக் கணக்கிலேயே இவ்வளவு ஓய்வு என்றால், லட்சக்கணக்கான வருடம் வாழ்கிற ஒரு எரிமலைக்கு எத்தனை ஓய்வு கிடைத்திருக்கும் பாருங்கள். அந்த நேரத்தில் தீவைச் சுற்றிப் பவளம் வளரும், சிப்பி குடியேறும், ஆழமான பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ரேடியோலேரியா என்கிற நுண்ணுயிர்களின் கண்ணாடி ஓடுகள் பொடிப்பொடியாக இறங்கிச் சேறாகும். அப்புறம் ஒருநாள் சாம்பலோ குழம்போ வந்து மூடிவிடும். வெள்ளத்துக்கு வெள்ளம் நம் வயலில் வண்டல் ஏறுகிற மாதிரி, குழம்பு, சேறு, குழம்பு, சேறு என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது.

கடலடியில் வெளிவரும் குழம்பு குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தலையணை தலையணையாக உறைந்துவிடும். அந்தத் தலையணைகளின் இடுக்கில் புகுந்த சுண்ணாம்புச் சேற்றிலும் நுண்ணுயிர் ஓடுகள் கிடைக்கும். என்னைக் கேட்டால், ஆய்வாளருக்கு அதைவிட நல்ல புதையல் கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோனோடோன்ட். விலாங்கு போல் நீண்ட ஒரு சிறு கடல் பிராணியின் பல் அது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. 1856-ல் பாண்டர் என்பவர் இந்தப் பற்களை முதலில் விவரித்தார், ஆனால் அது எந்தப் பிராணியின் பல் என்று தெரிய 1983 வரை ஆயிற்று, ஸ்காட்லாந்தில் உடலோடு ஒரு படிவம் கிடைத்த பிறகுதான். நம் பல் மாதிரியே இதுவும் கால்சியம் பாஸ்பேட். அதனால் சுண்ணாம்புக்கல்லை ஊறுகாய் வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்து அதில் போட்டு வைத்தால், கல் கரைந்துபோகும், பல் கரையாமல் அடியில் தங்கும். அதை அலசிச் சலித்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். இந்த வகைகள் சீக்கிரம் சீக்கிரம் மாறிக்கொண்டே வந்தவை, எனவே எந்த வகை என்று தெரிந்தால் காலமும் தெரியும். இன்னொரு வசதி, சூடு ஏற ஏற இந்தப் பல்லின் நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பாகிக் கறுப்பாகும், அதைப் பார்த்தே பாறை எவ்வளவு சூடு பட்டது என்றும் சொல்லிவிடலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மக்குவாரி வளைவு என்று ஒன்று இருக்கிறது, இன்று கடலே இல்லாத உள்நாடு. அங்கே எரிமலைப் பாறைகளோடு கலந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல்லின் கோனோடோன்ட்டும் கரும்பாறைகளில் உள்ள, கிராப்டோலைட் என்கிற அழிந்துபோன கடல் உயிரின் படிவமும்தான் அது ஆர்டோவிசியன் காலத்துத் தீவுக்கூட்டம், அதாவது சுமார் 48.5 கோடி முதல் 44.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்று காட்டிக்கொடுத்தன. காடியா தங்க, தாமிரச் சுரங்கம் அந்த வளைவில்தான் இருக்கிறது.

கேள்வி: கதிரியக்க முறையில் நேராக வயது கணக்கிடலாமே, எதற்கு இந்தப் பல் பொறுக்கும் வேலை?
- கல்லூரி மாணவர், திருவாரூர்

பதில்: முடிகிற இடத்தில் செய்கிறார்கள், தம்பி. ஆனால் இந்தத் தீவுகளின் கறுப்புப் பாறையில் கதிரியக்கக் கடிகாரமாக உதவும் பொட்டாசியம் குறைவு, யுரேனியத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஸிர்கான் என்கிற கனிம மணிகளும் அபூர்வம். கடல்நீர் ஊறி அதன் வேதிப்பொருளையே மாற்றிவிடுகிறது. பிற்பாடு தீவுக்கூட்டம் கண்டத்தோடு மோதி நசுங்கும்போது ஏறும் சூட்டில், பொட்டாசியம் சிதைந்து சேர்ந்திருந்த ஆர்கான் வாயு வெளியேறிவிட, கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். நீங்கள் அளப்பது பாறை பிறந்த நாளை அல்ல, மோதிய நாளை.

படிவமும் தனியாக எண் சொல்லாது, எது முந்தி எது பிந்தி என்றுதான் சொல்லும். வேறெங்கோ அதே படிவ அடுக்குகளுக்கு நடுவே ஸிர்கான் உள்ள சாம்பல் கிடைத்தால், அங்கே அளந்த எண் இங்கேயும் பொருந்தும்.

ஒரு ஆபத்து மட்டும் எப்போதும் உண்டு. கும்பகோணம் பக்கம் திருக்கோடிக்காவல் போயிருப்பீர்கள், பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அந்தக் கோயிலைக் கற்றளியாக்கியபோது பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்பப் பொறிக்கச் செய்தார். அதில் உள்ள பழைய அரசன் பெயரைப் பார்த்துச் சுவருக்கு வயது போட்டால் தப்பாகிவிடும் அல்லவா? அதேபோல, பழைய பவளப் பாறை உடைந்து உருண்டு, பல லட்சம் ஆண்டு கழித்து வந்த எரிமலைச் சேற்றில் புதைந்திருக்கலாம். அப்போது படிவம் தரும் வயது ஒரு எல்லை மட்டும்: சேறு அதற்குப் பிந்தியது, அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல் அங்கேயே படிந்த அடுக்கா, உருண்டு வந்த கட்டியா என்று பார்க்கத் தெரியாதவர் கையில் நூறு கோனோடோன்ட் இருந்தும் பிரயோஜனமில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் கிணறு வெட்டினால் சிப்பி வருகிறது. டெல்டாவும் எரிமலைத் தீவாக இருந்ததா?
- வாசகர், வேதாரண்யம்

பதில்: இல்லை. உங்கள் சிப்பிகள் கடல் விலகிய பழைய கரையோரத்தவை, பூமியின் கணக்கில் நேற்றைய சமாச்சாரம். கோடிக்கணக்கான ஆண்டு பழைய கடலைப் பார்க்க ஆசையா, அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போங்கள். காரை கிராமத்தைச் சுற்றி மழை அரித்த செம்மண் மேடுகளில் அம்மோனைட் என்கிற, கணவாய்க்கு உறவான பழைய கடல் பிராணியின் சுருள் ஓடுகள் வெளிப்படும், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தவை. அங்கேயும் எரிமலைத் தீவு இல்லை, ஆனால் படிவத்தை வைத்து அடுக்குக்கு வயது சொல்லும் வித்தை அதேதான். போனால் கல்லைப் பெயர்த்து எடுத்து வராதீர்கள், எந்த அடுக்கில் எப்படிக் கிடந்தது என்று தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். அலமாரிக்கு வந்துவிட்ட அம்மோனைட்டை வைத்து எந்த அடுக்குக்கும் வயது சொல்ல முடியாது.