எம்சி2ஆர் ஆன்டிபாடி: டேட்டாஷீட்டில் ஒரு பேண்ட், பிளாட்டில் மூன்று

கேள்வி: பெங்களூரு யெலஹங்கா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்டி செய்கிறேன். அட்ரீனல் சுரப்பியில் இருக்கும் எம்சி2ஆர் ஏற்பியைப் பார்ப்பதற்காக ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடியை (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் பொருள்) இங்குள்ள டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் வாங்கினோம். 100 மைக்ரோலிட்டர், வரியோடு 42,000 ரூபாய். வந்து சேர ஏழு வாரம். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் தேடும் சோதனை) 33 கிலோடால்டன் எடையில் ஒரு பேண்ட், அதாவது ஒரு கோடு, வரும் என்கிறது டேட்டாஷீட். எனக்கோ சுண்டெலி அட்ரீனலில் 50-க்கும் 70-க்கும் நடுவே மூன்று பேண்ட்; 33-இல் ஒன்றுமில்லை. கல்லீரலிலும் அதே மூன்று. கேட்டால், "உங்கள் டெக்னிக் சரியில்லை, பிளாக்கிங் பெப்டைடு ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள்" என்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: கோர்ட் இருக்கட்டும். முதலில், அந்தப் பெப்டைடை வாங்காதீர்கள். முயலுக்கு எந்தத் துண்டை ஊசி போட்டு ஆன்டிபாடியை உண்டாக்கினார்களோ, அதே துண்டுதான் அது. அதைக் கலந்தால் ஆன்டிபாடி அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். சரியான பேண்டும் மறையும், தப்பான பேண்டும் மறையும். கையில் இன்னொரு பில் மட்டும் மிஞ்சும்.

உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி அந்தக் கல்லீரல் லேன், அதாவது ஜெல்லில் கல்லீரல் சாம்பிள் ஓடிய வரிசை. பிட்யூட்டரியிலிருந்து வரும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் இந்த ஏற்பியில் உட்கார்ந்தால்தான் அட்ரீனலில் ஸ்டீராய்டு உற்பத்தி சூடுபிடிக்கும்; நமக்குக் கார்டிசோல், எலிக்குக் கார்டிகோஸ்டீரோன். கல்லீரலுக்கு அந்த வேலை இல்லை. அங்கேயும் அதே மூன்று பேண்ட் என்றால் ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது என்றே சந்தேகப்பட வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: எலியின் கொழுப்புத் திசுவிலும் எம்சி2ஆர் உண்டு. அட்ரீனலோ சிறுநீரகத்துக்கு மேலே கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் ஒரு துணுக்கு. அதைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் கொழுப்பை 'ஏற்பி இல்லாத சாம்பிள்' என்று ஓட்டிவிடாதீர்கள்.

டெக்னிக் பற்றி அவர்கள் சொன்னதையும் முழுக்கத் தள்ள முடியாது. சாம்பிளை 95 டிகிரியில் கொதிக்க வைத்தீர்களா? இது சவ்வை ஏழு முறை துளைத்துப் போகும் புரதம். கொதித்தால் கட்டி தட்டி ஜெல்லின் தலையிலேயே நின்றுவிடலாம். கொதிக்க வைக்காமல், 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். அப்புறம், 33 என்பது 297 அமினோ அமிலங்களுக்குப் போட்ட கணக்கு. உடம்பில் இந்த ஏற்பியின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். பேண்ட் மேலே ஏறும், பட்டையாகவும் தெரியும். பிஎன்ஜிஏஸ்-எஃப் என்ற நொதியைப் போட்டுச் சர்க்கரையை வெட்டினால் நிஜ பேண்ட் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் அங்கேயே நின்றால் அதன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதற்கு மேல் ஒரே ஒரு பரிசோதனை போதும். ஹெக்293 என்ற வளர்ப்பு மனித செல்கள் உங்கள் கூடத்திலேயே இருக்கும். ஒரு தட்டில் வெறும் வெக்டர் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ). இன்னொன்றில் ஃபிளாக் டேக் (தனி ஆன்டிபாடியால் அடையாளம் காணக்கூடிய சிறு துண்டு) போட்ட எம்சி2ஆர், கூடவே எம்ராப். எம்ராப் என்ற துணைப் புரதம் இல்லாமல் இந்த ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கே வராது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டி, ஃபிளாக் ஆன்டிபாடி காட்டும் இடத்தை இவர்கள் ஆன்டிபாடியும் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் வாதம் முடிந்தது. அந்தப் பிளாட்டை வெட்டாமல் முழுசாக, லாட் நம்பரோடு (தயாரிப்புத் தொகுதியின் எண்), டிஸ்ட்ரிபியூட்டருக்கு மட்டும் அல்ல, தயாரித்த கம்பெனியின் டெக்னிக்கல் சப்போர்ட்டுக்கே அனுப்புங்கள். கிரெடிட் நோட் கேளுங்கள். அதே லாட்டில் இன்னொரு குப்பி தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதற்கு முன் டேட்டாஷீட்டில் சுண்டெலிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'டெஸ்டட்' என்றால் செய்து பார்த்திருக்கிறார்கள். 'பிரெடிக்டட்' என்றால் புரதத்தின் அமினோ அமில வரிசை ஒத்துப்போகிறது என்ற அனுமானம்தான். பெரும்பாலான கேரண்டிகள் அதற்குச் செல்லாது.

சரி, கோர்ட். பில் ஆய்வு நிறுவனத்தின் பெயரில் இருக்கும்; புகார் தர வேண்டியது அவர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. ஆனால் நர்சுகள் தங்குவதற்காக ஃபிளாட் வாங்கிய மும்பை மருத்துவமனை அறக்கட்டளையை நுகர்வோர் என்றே அதே 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. லாபத்தோடு நேரடித் தொடர்பு இல்லை என்பது காரணம். ஆக, கதவு மூடவில்லை. கெடு 2 வருடம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இருந்தாலும் மாவட்ட ஆணையத்தில் உட்கார்ந்து வெஸ்டர்ன் பிளாட்டை விளக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது? உங்களுக்குத் தீசிஸ் மிச்சமிருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மெயிலில் விடாமல் நச்சரிப்பேன்.

அடுத்த முறை பர்ச்சேஸ் ஆர்டரில் வெறும் கேட்டலாக் எண்ணோடு நிறுத்தாதீர்கள். 'சுண்டெலி அட்ரீனல், வெஸ்டர்ன் பிளாட், இதற்கு எது பொருந்தும் என்று உங்களைக் கேட்டு வாங்குகிறோம்' என்று ஒரு வரி சேருங்கள். 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, நோக்கத்தைச் சொல்லி விற்பவரின் அறிவை நம்பி வாங்கியவருக்குத்தான் துணை நிற்கும். பிராண்டு பெயரை மட்டும் சொல்லி வாங்கியவருக்கு நிற்காது.

பெட்டி வந்ததும் ஐஸ் பேக்கைத் தொட்டுப் பாருங்கள், போட்டோ எடுங்கள். நான் ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த ஒரு பெட்டி ஸ்டோரிலேயே திங்கள் வரை கிடந்தது. பேக் வெதுவெதுப்பாக இருந்தது. போட்டோ இல்லை, பணமும் போனது.

கேள்வி: அதே கேட்டலாக் எண்ணில் புதுக் குப்பி வாங்கினேன். பழைய ரிசல்ட் வரவில்லை. ஏமாற்றுகிறார்களா? (மல்லேஸ்வரம் வாசகி)

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. பாலிகுளோனல் என்றால் முயலின் சீரம். முயல் மாறினால் சரக்கும் மாறும். பழைய லாட் மீதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டாக வாங்கி, சிறு சிறு அலிகாட்டாகப் பிரித்து உறைய வையுங்கள். இல்லையென்றால் ரீகாம்பினன்ட் வகைக்கு (முயலை நம்பாமல், மரபணுவைக் கொண்டு செல்களில் தயாரிக்கும் ஆன்டிபாடி) மாறுங்கள். விலை கூடத்தான் இருக்கும்.