கேழ்வரகுக் கஞ்சியும் கருப்பட்டிக் காபியும் போதுமா?

கேள்வி: வயது 38, எடை 78 கிலோ, உட்கார்ந்தே செய்யும் வேலை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எனக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 112, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.0 வந்திருக்கிறது. சீனியை விட்டுக் கருப்பட்டிக் காபிக்கும், காலையில் கேழ்வரகுக் கஞ்சிக்கும் மாறிவிட்டேன். இது போதுமா?

பதில்: போதாது. ஆனால் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உங்கள் நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. இவர்கள் எல்லோரும் நோயாளியாக வேண்டியதில்லை. 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இதே போன்ற நிலையில் இருந்து பழக்கத்தை மாற்றாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே ஆண்டில் நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்தியவர்களில் அது 39 சதவீதம்.

கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. கேழ்வரகு நல்ல தானியம், கஞ்சிதான் சிக்கல். நைசாக அரைத்த மாவைத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் மாவுச்சத்து வெந்து இளகிவிடும். குடித்த வேகத்தில் சர்க்கரை ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு இரண்டு அடை தட்டி, கெட்டிச் சாம்பாரோடு சாப்பிடுங்கள்.

மதியத் தட்டில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பாதித் தட்டு பொரியல், கூட்டு, கீரை (உருளைக்கிழங்கு இதில் சேராது). கால் தட்டு சுண்டல், முட்டை, மீன் அல்லது கெட்டிப் பருப்பு. மிச்சக் கால் தட்டுதான் சோறு, ஏறக்குறைய ஒரு கப். பொரியலையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். அந்த வரிசைக்கே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். பலர் சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுகிறார்கள். நாலு மணிக்குப் பசி வந்து டீயும் பிஸ்கட்டும் உள்ளே போகும். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டும் மைதாதான்.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, உடனே 10 முதல் 15 நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிட வேக நடை வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். வாரம் இரண்டு நாள், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள்: 10 தடவை, மூன்று சுற்று.

ஆறு மாதத்தில் 4 முதல் 5 கிலோ குறைப்பதே இலக்கு. இடுப்புச் சுற்றளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து குறித்து வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் தெரியாதது அதில் தெரியும். எச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் கூடுதலாகக் காட்டும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். இடையில் அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு தெரிந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.