ரயில் நட்டம் யாருடைய கணக்கில்?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "ரயில்வே ஆண்டுதோறும் நட்டம். அமெரிக்காவிலேயே அம்ட்ராக் ரயிலுக்கு அரசு பணம் கொடுக்கலாமா என்று ஐம்பது வருடமாகச் சண்டை நடக்கிறது. கடனில் விழுந்து எழும்பிய இலங்கை எதற்கு வரிப்பணத்தில் பயணிகள் ரயில் ஓட்ட வேண்டும்? தனியாருக்குக் கொடுத்தால் என்ன?"

அரசு ரயிலுக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் இப்போது கொடுக்கிற மாதிரி அல்ல என்பது என் பதில். நான் கிளிநொச்சிக்காரன், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வடபாதையில் அடிக்கடி போய் வருகிறவன். எனக்குப் பக்கச்சார்பு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வன்னிக்குள் ஏ9 வீதியும் தண்டவாளமும் பெரும்பாலும் கிட்டக்கிட்டத்தான் போகின்றன. இரண்டும் போருக்குப் பிறகு கடன் வாங்கிப் போட்டவை. வீதிக்குச் சீனக் கடன், ரயிலுக்கு இந்தியக் கடன். வீதியைப் பார்த்து "இந்த வருடம் எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று யாராவது கேட்கிறார்களா? ஏ9 இல் கட்டணச் சாவடி கிடையாது. பஸ் முதலாளி வழித்தட அனுமதிக்கும் வருடாந்த வரிப்பத்திரத்துக்கும் காசு கட்டுகிறார், டீசல் அடிக்கிறார், அவ்வளவுதான். தார் போடுவதும் பாலம் கட்டுவதும் அவர் வேலையல்ல. ரயில்வேக்கோ தண்டவாளம், பாலம், சிக்னல், கடவை எல்லாம் அதன் தலையிலேயே விழுகிறது. மாகோவிலிருந்து ஓமந்தை வரை 128 கிலோமீற்றர் பாதையை அண்மையில் புதுப்பித்ததற்கு மட்டும் 9 கோடியே 12 லட்சம் டொலருக்கு மேல் போனது. கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 7 லட்சம் டொலர். இந்த மாதிரிச் செலவை வீதிப் பக்கத்தில் "அபிவிருத்தி" என்கிறோம், ரயில் பக்கத்தில் "நட்டம்" என்கிறோம்.

ஆனால் இதைச் சொல்லியே ரயில்வே திணைக்களத்தின் சோம்பல் எல்லாவற்றையும் மூடி மறைக்கவும் கூடாது. பாதைச் செலவை ஒதுக்கி வைத்தாலும், டிக்கெட் காசு அன்றாட ஓட்டச் செலவுக்கே போதுவதில்லை. அதற்கு இங்கே காரணங்கள் உண்டு, பிறகு வருகிறேன்.

நீங்கள் அம்ட்ராக்கை இழுத்ததால் அதையும் பார்ப்போம். அமெரிக்காவில் பயணிகள் ரயில் முதலில் தனியாரிடம்தான் இருந்தது. காரும் விமானமும் வந்த பிறகு அந்தக் கம்பனிகள் பயணிகளைக் கைகழுவ வழி தேடின. 1970 இல் சட்டம் போட்டு, 1971 மே முதலாம் தேதியிலிருந்து அம்ட்ராக் என்ற நிறுவனத்தின் மூலம் அரசு அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டது. ஆகவே "தனியாருக்குக் கொடு" என்பதற்கு அந்த நாட்டு வரலாறே ஒரு பதில்: தனியார் திருப்பிக் கொடுத்த சாமான் அது. 1997 இல் இன்னொரு சட்டம் வந்தது, 2002 முடிவதற்குள் ஓட்டச் செலவை அம்ட்ராக் தானே பார்த்துக்கொள்ள வேண்டுமென்று. நடக்கவில்லை. 2005 இல் ஜனாதிபதி புஷ் ஓட்ட மானியமே இல்லாத வரவு செலவுத் திட்டத்தை அனுப்பினார். அந்த நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 2021 இன் உட்கட்டமைப்புச் சட்டத்தில் அம்ட்ராக்குக்கு 2,200 கோடி டொலர் ஒதுக்கினார்கள்.

ஏன் வெட்ட முடியவில்லை? வாஷிங்டனுக்கும் பொஸ்டனுக்கும் இடையிலான பாதை ஓட்டச் செலவை மீறிச் சம்பாதிக்கிறது. நட்டம் அதிகம் வருவது தொலைதூர ரயில்களில். சிக்காகோவிலிருந்து மேற்குக் கரைக்கு மொன்டானா வழியாகப் போகிற ரயில் அந்த வகை. வழியில் இருப்பவை சின்னச் சின்ன ஊர்கள், சனம் குறைவு. ஆனால் அந்த ஊர்களுக்கும் செனட்டர்கள் இருக்கிறார்கள். செலவைக் குறை என்று மேடையில் பேசுகிற கட்சிக்காரரே தன் மாநிலத்து ரயில் என்று வந்தால் வாய் திறக்கமாட்டார். இதைப் பாசாங்கு என்று சிலர் சிரிக்கிறார்கள். மாங்குளத்திலும் முறிகண்டியிலும் ரயிலுக்கு நிற்கிறவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தச் செனட்டர்மேல் கோபம் வருவதில்லை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே கிடக்கிற இடம் நாங்கள். லாபக் கணக்கை மட்டும் பார்த்தால் எங்களுக்கு ரயில் நிற்கவே தேவையில்லை.

இன்னொன்று, லாபம் என்று சொல்கிற அந்த வாஷிங்டன்-பொஸ்டன் பாதையிலேயே, நியூயோர்க்கில் ஹட்சன் ஆற்றுக்குக் கீழே போகிற சுரங்கம் 1910 இல் திறந்தது. 2012 சாண்டி புயலில் அதற்குள் உப்புத் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பக்கத்தில் புதுச் சுரங்கம் தோண்டுகிற காசு டிக்கெட்டில் வராது.

சரி, வன்னிக்கு வருவோம். 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போய்விட்டன. கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தது 2013 செப்டெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில். இடையில் வளர்ந்த ஒரு தலைமுறை கோச்சியைக் கதையில்தான் கேட்டது. ரயில் இல்லாவிட்டாலும் சனம் வாழ்ந்ததுதானே என்று யாரும் கேட்கலாம். வாழ்ந்தது, எப்படி வாழ்ந்தது என்பதும் தெரியும்.

இன்றைக்கு இரவு ரயிலில் ஏறுகிறவர்கள் யார் என்று பாருங்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர், கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ நிற்கிற பொடியன், பல்கலைக்கழகப் பிள்ளைகள், வெளிநாட்டு விசா அலுவலாகப் போகிற குடும்பம். சொகுசு பஸ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பல பஸ்களில் கிளிநொச்சியில் ஏறினாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததற்கான முழுக்காசு. இரவில் டிரைவருக்குப் பிடித்த ஒரு கடையில் நிற்கும், கழிப்பறைக்குப் போவதென்றால் அங்கேதான். சலரோகக்காரரும் பிள்ளைத்தாச்சியும் ரயிலைத் தேடுவது ஏன் என்று இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

இப்போது திணைக்களத்தின் கதை. ரயில்வே ஓர் அரச திணைக்களம். டிக்கெட் காசு திறைசேரிக்குப் போகிறது, செலவுக்கான பணம் பாராளுமன்றம் ஒதுக்குகிறபடி தனியாக வருகிறது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கெட்டித்தனமாக இரண்டு மடங்கு வருமானம் எடுத்துக் காட்டினாலும், அவருடைய ஸ்டேஷனில் உடைந்த வாங்கு உடைந்தபடிதான் கிடக்கும். மாணவர்களுக்கும் அரச ஊழியர்களுக்கும் சலுகை விலையில் பருவச்சீட்டு. நல்லது, கொடுக்க வேண்டும். ஆனால் அது கல்விக்கும் அரச நிர்வாகத்துக்கும் செய்கிற செலவு, விழுவதோ ரயில் கணக்கில். அமெரிக்காவில் 2008 சட்டத்தின்படி 750 மைலுக்கு உட்பட்ட பாதைகளுக்கு அந்தந்த மாநிலமும் காசு போட வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான். ரயில் வேண்டுமென்கிறவர் பெயரில் பில் எழுதினால் யார் எதற்குக் கட்டுகிறார் என்று தெரிந்துவிடும். இங்கேயும் ஒவ்வொரு பாதைக்கும் இத்தனை ரயில், இந்த நேரம், இதற்கு இவ்வளவு பணம் என்று ஒப்பந்தம் எழுதிப் பகிரங்கமாகப் போடலாம். ரயில் ஓடாவிட்டால் பணமும் இல்லை.

டிக்கெட் விலையிலும் எனக்கு ஒரு மனக்குறை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் குளிரூட்டிய முதல் வகுப்புப் பெட்டியில் இடம் பிடிப்பது பெரும்பாடு. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற நம் ஆட்கள் அந்த நாட்களில் இன்னும் கூடக் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். அந்தக் கட்டணத்தைத் திருவிழாவுக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஏற்றி இறக்கட்டும். மூன்றாம் வகுப்பில் கைவைக்கக் கூடாது.

பிறகு, ரயிலிலிருந்து இறங்கிய பிறகு என்ன செய்வது? முல்லைத்தீவு நகரத்துக்குத் தண்டவாளமே இல்லை. கிட்டிய ஸ்டேஷன் மாங்குளம், அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக 50 கிலோமீற்றர் அளவில். விடியமுன் இறங்குகிறவருக்கு ஓட்டோக்காரர் சொன்னதுதான் விலை. ரயில் நேரத்துக்கு ஓர் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் விட்டால் போதும், அதற்குப் பெரிய காசு தேவையில்லை. இரண்டு அலுவலகங்கள் பேசிக்கொள்ள வேண்டும், அது பெரிய காரியம்தான்.

கடவைகளும் அப்படித்தான். வன்னியில் காவலில்லாத கடவைகளில் உயிர்கள் போயிருக்கின்றன. கடவைக் காப்பாளர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பொலிஸ் மூலம் நாளொன்றுக்கு 250 ரூபாதான் கொடுத்தார்கள். செலவைக் குறைக்கச் சொல்கிறவர்கள் தயவுசெய்து இந்த வரியில் மட்டும் குறைக்க வேண்டாம்.

தனியார் என்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரித்தானியா 1990களில் பயணிகள் ரயிலைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தது, மானியம் நிற்கவில்லை, 2024 இல் திரும்பவும் அரசே எடுப்பதற்குச் சட்டம் போட்டது. சாப்பாட்டுப் பெட்டி, சுத்தம் செய்வது மாதிரியானவற்றை ஒப்பந்தத்துக்குக் கொடுங்கள், எனக்குப் பிரச்சினையில்லை.

தலைமன்னார் பாதையில்தான் எனக்கும் சந்தேகம். 1914 இல் இந்தியாவுக்குக் கப்பல் விட்டபோது அதற்காக உயிர்பெற்ற பாதை அது. கப்பல் 1980களில் போரோடு நின்றது. 2023 இல் கப்பல் மறுபடி வந்தபோதும் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத்தான் வந்தது. மடுத் திருவிழா நாட்களை விட்டால் நான் பார்த்த அளவில் கூட்டம் குறைவு. அங்கே நீளமான ரயில் ஓட்டுவதை விட, செட்டிகுளம், முருங்கன், மன்னார் சனம் மதவாச்சியில் கொழும்பு ரயிலைப் பிடிக்கிற நேரத்துக்கு தண்டவாளத்தில் ஓடுகிற சின்ன ரயில் பஸ் ஒன்று விட்டுப் பார்க்கலாம். ஐந்து வருட ஒப்பந்தம், கணக்கு பகிரங்கமாக. அப்பவும் காலியாக ஓடினால் மூடட்டும், நான் கொடி பிடிக்க வரமாட்டேன்.