17 கிலோ பையும் விறைக்கும் கையும்

கேள்வி: வயது 43, எடை 68 கிலோ, கந்தோர் வேலை. போன வருடம் நண்பர்களோடு நக்கிள்ஸ் மலைக்கு இரண்டு இரவு தங்கி நடக்கப் போனேன். என் பை 17 கிலோ. இரண்டாம் நாள் வலது கை விரல்கள் விறைத்துப் போயின, இறங்கும்போது முழங்கால் நோ தாங்க முடியவில்லை. ஆவணியில் மறுபடி போகிறோம். அங்கே மழையும் வெயிலும் மாறி மாறி வருவதால் எதையும் விட்டுவிட்டுப் போகப் பயம். முன்கூட்டியே போட்டுக்கொள்ள நல்ல நோக்குளிசை உண்டா? (வாசகர், உவர்மலை)

பதில்: குளிசை கிடக்கட்டும், முதலில் பையைப் பார்ப்போம். 17 கிலோ என்பது உங்கள் எடையில் கால் பங்கு. பல நாள் நடைக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை ஐந்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 13 கிலோ சொச்சம். அதுவும் நடந்து பழகியவர்களுக்கு. கிழமை முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு மலை ஏறுகிறவர் தண்ணீரோடு சேர்த்து 10 கிலோவுக்குள் நின்றால் நல்லது என்பேன்.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் காறை எலும்புக்கு அடியால் போகின்றன. பையின் வார் மணிக்கணக்காக அங்கே அழுத்தினால் விரல் விறைக்கும். இடுப்புப் பட்டி உள்ள பை என்றால் முதலில் அதை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டி, பிறகு தோள் வாரை இழுங்கள். பாரத்தின் பெரும்பகுதியை இடுப்பு வாங்க வேண்டும். பாரமான சாமான் முதுகோடு ஒட்டி, நடு முதுகு உயரத்தில் இருக்கட்டும். பையை இறக்கிக் கொஞ்ச நேரத்தில் விறைப்புப் போய்விட்டால் பயமில்லை. நாட்கணக்கில் நின்றாலோ, கையைத் தூக்கப் பலமில்லாமல் போனாலோ டொக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு கை நொந்தால் பையைக் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, மழைக்கு வருவோம், உங்கள் பையை வீங்க வைத்தது அதுதானே. நாங்கள் இங்கே திருகோணமலையில் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஆவணியிலும் நக்கிள்ஸின் மேற்குப் பக்கத்தில் மழை பெய்யும், ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை குளிரும், அதனால் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பயந்து நாலு ஜீன்ஸும் ஆறு ரீசேட்டும் அடைத்தால், மழை வந்ததும் எல்லாம் நனைந்து பாரம் இன்னும் கூடும். ஈரப் பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காற்றும் சேர்ந்தால் 15 பாகையிலேயே உடம்பு நடுங்கத் தொடங்கி ஆபத்தாகலாம். நடப்பதற்கு விளையாட்டுக்காரர் போடும் சீக்கிரம் காயும் துணியில் ஒரு சோடி போதும், அது நனையட்டும், மறுநாளும் அதையே போடுங்கள் (காலையில் ஈரத்தைப் போடும்போது வாயில் நல்ல வார்த்தை வராது, நடக்கத் தொடங்கினால் சரியாகிவிடும்). இரவுக்கு ஒரு முழு உடுப்பும் ஒரு மேஸும் தடித்த பொலித்தீனில் இறுக்கிக் கட்டி வையுங்கள். படுக்கும்போது தவிர அதைத் திறக்கவே கூடாது. மேலுக்கு நல்ல மழைக்கோட்டு ஒன்று. துவாய்க்குப் பதில் ஒரு பழைய சாரம் கொண்டு போங்கள், துடைக்கலாம், போர்க்கலாம், உடுப்பு மாற்ற மறைப்பாகவும் கட்டலாம். கூடாரம், அடுப்பு, சட்டியை நண்பர்களுக்குள் பங்கு போடுங்கள். ஆளுக்கொரு சட்டி எதற்கு?

தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ. ஓடைகள் நிறைய உள்ள மலைக்கு அஞ்சு லீற்றர் சுமப்பது வீண், ஆனால் வழியில் எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு ஒன்றரை லீற்றரோடு போய், ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள், அதுதான் ஜீவனி, இரண்டு பக்கற் போதும். ரின்மீனை விட கச்சான், பேரீச்சம்பழம், பனங்கட்டி, பொரிவிளாங்காய் எல்லாம் பாரம் குறைவு, பலம் கூட.

முழங்காலுக்கு ஊன்ற இரண்டு தடி, இறங்கும்போது சின்ன எட்டு. பழகுவதற்கு விடியப்புறம் பையில் தண்ணீர்ப் போத்தல்களோடு பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறுங்கள், மேலே தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் மூட்டும் தப்பும். பை 5 கிலோவில் தொடங்கி மெதுவாகக் கூடட்டும்.

அப்புறம் அந்தக் குளிசை. டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போன்றவற்றை முன்கூட்டியே போட்டு, வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து நடந்தால் சிறுநீரகத்துக்குக் கூடாது, வயிற்றுக்கும் கூடாது. அதோடு நோவை மறைத்துவிடுவதால் மூட்டை இன்னும் கெடுப்பீர்கள். தேவைப்பட்டால் பரசிற்றமோல் மட்டும். திரும்பி வந்து இரண்டு, மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் டெங்கு, எலிச் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் தொற்றும் எலிக்காய்ச்சல் இரண்டையும் நினைக்க வேண்டும், அப்போதும் டைக்ளோபெனக் வேண்டாம். ஓடையிலும் சேற்றிலும் நடந்ததை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.