பூனையைத் திருப்பித் தரும் சாமி

கேள்வி: அடுத்த மாதம் டோக்கியோ போகிறேன். காணாமல் போன பூனையைத் திருப்பித் தரும் கோயில் அங்கே இருக்கிறதாமே, நிஜமா?

பதில்: இருக்கிறது, திருப்பித் தருமா என்பது உங்கள் நம்பிக்கை. உயேனோவிலிருந்து ஹிபியா லைனில் நாலாவது ஸ்டேஷன் நிங்யோச்சோ. பக்கத்துச் சந்துக்குள் சான்கோ இனாரி. சாமி என்னவோ நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய இனாரிதான், முறைப்படி அவருக்குத் தூது நரி, ஆனால் பூனை வீடு திரும்பியதும் வேண்டிக்கொண்டவர்கள் நன்றியாகக் கொண்டுவந்து வைத்த, ஒரு கையைத் தூக்கி வா வா என்று கூப்பிடும் பூனை பொம்மைகள்தான் அங்கே விசேஷம். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கும்பிட்டுவிட்டு மறுபடி ஒருமுறை குனியுங்கள். உண்டியலுக்கு 5 யென் போதும். அந்தக் காசின் பேரும் உறவைக் குறிக்கும் சொல்லும் ஜப்பானிய மொழியில் ஒரே ஓசை. அப்புறம், பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம், அதற்காகவே ஒரு நாளை ஒதுக்காதீர்கள்.