பச்சை வந்தாச்சு, அப்புறம்? டிராக் டே கேள்வி-பதில்

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் டிராக் டே பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரேக் பற்றியவை, மீதி பெரும்பாலும் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்கள். எக்ஸாஸ்ட் சத்தம் பற்றி வந்தவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். எழுதுகிறவர்கள் மூன்று விஷயத்தை மறக்காமல் சேருங்கள்: என்ன கார், என்ன டயர், பிரேக் ஆயில் கடைசியாக மாற்றியது எந்த மாதம். மூன்றாவதை இந்தத் தடவையும் ஒருவர்தான் எழுதியிருக்கிறார்.

ஸ்விஃப்ட், தாம்பரம்: இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாலாவது லேப்பில் (சுற்றில்) பிரேக் பெடல் தரையைத் தொடுகிறது. பெரிய காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) செட் போட்டால்தான் சரியாகும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பெடல் எப்படிப் போகிறது என்று முதலில் கவனியுங்கள். மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயில் அமுங்காது, அதில் உண்டான ஆவி அமுங்கும். பெடல் கெட்டியாக நிற்கிறது, கார்தான் நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடியை விட்டுவிட்டது. உங்களுடையது முதல் வகை.

பிரேக் ஆயிலின் தரத்தைத்தான் டாட் 4 என்பார்கள்; புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை தாங்கும். தண்ணீரை இழுத்துக்கொண்ட பிறகு 155க்கு வந்துவிடும். சென்னைக் காற்றில் இரண்டு மழைக்காலம் பார்த்த ஆயிலை டிராக்குக்குக் கொண்டுபோனால் நாலு லேப் வந்ததே பெரிது. 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸிங் ஆயில் ஊற்றி, நாலு சக்கரத்திலும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை முழுக்க எடுங்கள். கூடவே முன்பக்கம் டிராக் பேட். சில ஆயிரங்களில் வேலை முடிந்துவிடும். அதன் பிறகும் பெடல் இறங்கினால் காலிப்பர் பற்றிப் பேசலாம். காலிப்பர் மட்டும் பெரிதானால் முன்-பின் பிரேக் விகிதம் மாறும், பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் கணக்கும் மாறும். அதையெல்லாம் உங்கள் மெக்கானிக் சொன்னாரா?

போலோ ஜிடி, கோவை: கேம்பர் போல்ட் போட்டு மைனஸ் 2 டிகிரி கொண்டுவர முடியுமா?

முடியாது. கேம்பர் என்றால் சக்கரத்தின் சாய்வு, மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். உங்கள் காரில் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் துண்டு) இறங்கிக் கவ்வப்பட்டிருக்கிறது. சாய்க்க இரண்டு போல்ட் அங்கே இல்லை. மேலே ஸ்ட்ரட்டின் தலையை நகர்த்தும் கேம்பர் பிளேட்தான் வழி. உங்கள் ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்குக்கு மைனஸ் 2 நல்ல ஆரம்பம்.

ஊரும் காரும் எழுதாத ஒருவர்: பிரேக் போட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது. என்ன செய்வது?

எந்தப் பக்கம்? லேசாகப் போட்டாலா, அழுத்திப் போட்டாலா? முதல் லேப்பிலா, சூடான பிறகா? டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். காலிப்பர் ஸ்லைடு பின் இரண்டும் கையால் நகர்கிறதா, உள் பேடும் வெளி பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் டயர் காற்று சமமா என்று பாருங்கள். அப்புறம் ஒழுங்காக எழுதுங்கள். ஆயில் மாற்றிய மாதத்தையும் சேர்த்து.

ஐ20 என் லைன், வேலூர்: புது டயர் போட்டு, கம்ப்யூட்டர் அலைன்மெண்டும் செய்தேன். திரையில் எல்லாமே பச்சை. ஆனாலும் நீளமான திருப்பங்களில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. இடது முன் டயரின் வெளி ஓரம் மொழுமொழுவென்று ஆகிவிட்டது.

இந்தப் பச்சை பற்றி எழுதாமல் விடமாட்டேன்.

பச்சை என்றால் கம்பெனி கொடுத்த எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அந்த எல்லை சாலைக்காகப் போட்டது. பல கார்களில் கேம்பருக்கு இந்தப் பக்கம் அரை முதல் முக்கால் டிகிரி, அந்தப் பக்கமும் அதே அளவு என்று விட்டிருப்பார்கள். இடது சக்கரம் 0, வலது சக்கரம் மைனஸ் 1 என்று இருந்தாலும் பல மெஷின்கள் இரண்டையும் பச்சையாகக் காட்டும். டயர் பல ஆயிரம் கிலோமீட்டர் சமமாகத் தேய வேண்டும் என்கிறவருக்கு அது சரி. மூன்றாவது கியரில் திருப்பத்துக்குள் நுழைகிற உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது, கடையில் உண்மையில் நடப்பது. பெரும்பாலான இடங்களில் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் தளர்த்தி முன் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை) சரிசெய்வார்கள். ஸ்டீயரிங் நடுவில் நிற்கும், பச்சை வரும், பில்லும் வரும். தாளை எடுத்து வேலைக்கு முந்தைய அளவையும் பிந்தைய அளவையும் பாருங்கள்: கேம்பர், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்-பின் சாய்வு), பின் சக்கர டோ எதுவும் இம்மியும் நகர்ந்திருக்காது. நான் போன ஒரு கடையில் சீட்டில் எடை வையுங்கள் என்றதற்கு, "சார், மெஷினுக்கு அதெல்லாம் தெரியும்" என்றார்கள். மெஷினுக்கு எப்படித் தெரியும்? 80 கிலோ ஆள் வலது பக்கம் உட்கார்ந்தால் கார் சாயத்தான் செய்யும், அளவு மாறத்தான் செய்யும். காற்றுகூடப் பார்க்காமல் காரை மேடையில் ஏற்றுகிற இடங்களும் இருக்கின்றன. கேட்டால், நமக்குத்தான் விஷயம் தெரியாது என்பது போல ஒரு பார்வை!

அதனால் கடைக்குப் போகும்போது உங்களுக்கு வேண்டிய அளவை எழுதிக்கொண்டு போங்கள். முதலில் டயர் காற்று, பிறகு பாதி டாங்க் பெட்ரோல், ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடை. பிறகு கேம்பர். உங்கள் காரில் ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடிப்பது இரண்டு போல்ட், அதனால் கேம்பர் போல்ட் வேலை செய்யும். ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். மைனஸ் ஒன்றே முக்கால் வந்தால் போதும், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். டோ கடைசியில்தான். கேம்பரை நகர்த்தினால் டோவும் நகரும். முதலில் டோ வைத்துவிட்டுப் பிறகு கேம்பரைத் தொடுகிறவரிடமிருந்து காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். முன் டோ மொத்தமாக 1 மில்லிமீட்டர் வெளியே, அதாவது சுமார் எட்டு, ஒன்பது நிமிடக் கோணம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்). பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம், ஷிம் (மெல்லிய தகடு) வைக்காமல் அங்கே அளவு மாறாது. முதல் தடவை அப்படியே விடுங்கள். திரையில் கேம்பர் கட்டம் சிவப்பாகத்தான் எரியும், எரியட்டும்.

ஒன்று மட்டும்: கேம்பர் போல்ட்டை டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்கி, மேலே பெயிண்ட் கோடு போடுங்கள். ஒவ்வொரு முறை பிட்டுக்கு வரும்போதும் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் வலது திருப்பங்கள் அதிகம், இடது முன் டயர்தான் அடி வாங்கும். அதன் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் ஊசி வெப்பமானியால் சூடு பாருங்கள். உள் ஓரம் 5 முதல் 8 டிகிரி கூடுதலாக இருந்தால் கேம்பர் சரி. இன்னும் வெளி ஓரம்தான் சூடு என்றால் போதவில்லை.

சிட்டி, மதுரை: துளை போட்ட டிஸ்க் நல்லதா?

பார்க்க நல்லது. டிராக் சூட்டில் துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். கம்பெனி வெண்டிலேட்டட் டிஸ்க், நல்ல பேட், புது ஆயில் போதும்.

ஸ்விஃப்ட், சேலம்: பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடட்டுமா?

வேண்டாம். முன்சக்கர இழுவைக் கார் அழுத்திப் பிரேக் போடும்போது பின்பக்கம் செய்கிற வேலை கால் பங்குதான். ஏபிஎஸ் கணக்கைக் குழப்பாதீர்கள்.

வர்ட்டஸ், சென்னை: டிராக்கில் இருந்து வந்த பிறகு 80ல் பிரேக் போட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பெரும்பாலும் வளையவில்லை. சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. பிட்டில் நிறுத்தியதும் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தீர்களா? அதுதான் காரணம். காலியான சாலையில் 80லிருந்து 20க்கு, முழுதாக நிறுத்தாமல், ஏழெட்டு முறை திடமாகப் பிரேக் போட்டு, பிறகு ஆறவிட்டுப் பாருங்கள். போகவில்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தின் துருவைத் தேய்த்துவிட்டு டிஸ்க்கின் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்து பாருங்கள். கடைசி லேப்பை பிரேக் தொடாமல் மெதுவாகச் சுற்றி வாருங்கள். நிறுத்தியதும் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் கூடாது. சூடான டிஸ்க்கில் பாட்டில் தண்ணீர் ஊற்றுகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

போலோ, பெங்களூரு: அடுத்து டெல்லி பக்கம் இருக்கும் புத் சர்க்யூட் டிராக்குக்குப் போகிறோம். காரில் என்ன மாற்ற வேண்டும்?

பிரேக் ஆயில். (ஆம், மறுபடியும்.) அங்கே பின் நேர்பாதை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், அதன் முடிவில் பிரேக்குக்குப் போகிற சூடு, கோவையில் 2 கிலோமீட்டர் சுற்றில் நீங்கள் பார்த்ததே இல்லை. பேட் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மெல்லிய பேட் சூட்டை நேராகக் காலிப்பருக்கு அனுப்பும். டோவை வெளியே அதிகம் வைத்திருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், அந்த வேகத்தில் கார் நேராகப் போக வேண்டும்.

டாட் 5 வாங்கலாமா, டாட் 4ஐவிட எண் பெரிதாயிற்றே? (திருச்சி)

கூடாது. அது சிலிகான், உங்கள் காரில் இருப்பதோடு சேராது. 5.1 வேறு, 5 வேறு. புட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள். திறந்து வைத்த பழைய புட்டியை ஊற்றவே ஊற்றாதீர்கள்.

நைட்ரஜன்? (கோவை)

சாதாரணக் காற்றே போதும். குளிர்ந்த டயரில் 28 பிஎஸ்ஐ வைத்துப் போங்கள். பிட்டுக்கு வந்ததும் சூட்டில் 33 அல்லது 34க்கு மேல் இருப்பதை இறக்குங்கள். வீட்டுக்குக் கிளம்பும்முன் மறுபடி ஏற்றுங்கள்.

ஐ20, காஞ்சிபுரம்: டயர் கடையில் ஏர் கன்னால் வீல் நட்டை நன்றாக இறுக்கிவிட்டார்கள். டிராக்குக்கு அது போதுமா?

போதாது. எல்லாவற்றையும் தளர்த்தி, கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் இன்னொரு முறை பாருங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று நீங்களும் எழுதவில்லை.