தலையாட்டலும் சம்மதமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான்கு மாதம் முன்பு மேனேஜர் ஆனேன். அதில் இருவர் அதுவரை என்னோடு சமமாக வேலை பார்த்தவர்கள். மீட்டிங்கில் எல்லோரும் சரி என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் வேலை போயிருக்கிறது. சிக்கல்கூடக் கெடு நெருங்கும்போதுதான் என் காதுக்கு வருகிறது. இவர்கள் என்னை நம்பவில்லையா, நான் சொல்வது புரியவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டும் வேறு வேறு நோய்கள். எது என்று முதலில் பார்த்துவிடுங்கள். அடுத்த மீட்டிங்கில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒருவரோடொருவர் பேசாமல் ஆளுக்கு மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். இந்த மூன்று மாதத்தில் நம் முதல் வேலை எது? அதற்காக எதைத் தள்ளிவைத்திருக்கிறோம்? இரண்டும் மோதினால் முடிவு யாருடையது? தாளில் பெயர் வேண்டாம். பெயர் இருந்தால் உங்களுக்குப் பிடித்த பதிலை யோசித்து எழுதுவார்கள்.

முதல் வரி பெரும்பாலும் ஒத்துப்போகும். உடைவது இரண்டாவது வரியில். செய்ய வேண்டியதைச் சொல்கிற நாம், நிறுத்த வேண்டியதைச் சொல்லத் தயங்குகிறோம். அந்த வேலைக்கு உரியவரின் முகம் வாடிவிடுமே என்று. அவரோ அதையே தொடர்ந்து செய்துகொண்டிருப்பார், உண்மையான அக்கறையோடு. எனவே முடிவெடுத்த அன்றே ஐந்தாறு வரியில் எழுதி அனுப்புங்கள்: என்ன முடிவு, ஏன், எதை நிறுத்துகிறோம், யார் பொறுப்பு, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம்.

தாள்கள் ஒத்துப்போயும் வேலை சிதறுகிறதா? அப்படியானால் அவர்களால் உங்கள் முன் மறுத்துப் பேச முடியவில்லை. பேச்சைத் தொடங்கும் முன், இதில் முடிவு உங்களுடையதா குழுவுடையதா என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட விஷயத்துக்குக் கருத்துக் கேட்காதீர்கள். ஒருமுறை அது தெரிந்துவிட்டால், அடுத்தமுறை உண்மையாகவே கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள்.

நம்பிக்கைக்கு மேயர், டேவிஸ், ஷோர்மன் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1995இல் மூன்று அடிப்படைகளைச் சொன்னார்கள்: திறமை, நல்லெண்ணம், நேர்மை. உங்கள் திறமையைப் பழைய சகாக்கள் இருவரும் அறிவார்கள். மற்ற ஆறு பேர் கவனிப்பது வேறு: செய்தி அந்த இருவருக்கு மட்டும் முன்னதாகப் போகிறதா? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். அந்த இருவரிடமும் இதைத் தனியாக, வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

கெட்ட செய்தி தாமதமாவதுதான் இதில் எனக்குக் கவலை தருவது. குழுக்கள் இயங்கும் விதத்தை ஆராயும் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவானவையோ அங்கேதான் அதிகம். அங்கே தவறைப் பற்றிப் பேச முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே உங்களிடம் சிக்கலே வரவில்லை என்றால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவர் சிக்கலோடு வந்ததும் "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டால், அடுத்த சிக்கல் இன்னும் தாமதமாகத்தான் வரும். என்ன தெரியும், என்ன தெரியவில்லை, என்னிடமிருந்து என்ன வேண்டும் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். காரணத்தை ஆராய்வது இரண்டு நாள் கழித்து, அமைதியாக.

இதற்கு இடம் தனிச் சந்திப்புதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு அரை மணி. எட்டுப் பேருக்கும் சேர்த்து நான்கு மணி நேரம் ஆகும். என்ன பேசுவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும், இல்லையேல் அது வேலை நிலவரம் ஒப்பிக்கும் மீட்டிங்காகிவிடும். "ஏதாவது பிரச்சினையா?" என்றால் "இல்லை" என்பதுதான் பதில். "கெடுவுக்குள் முடியுமா என்று உங்களுக்கே சந்தேகமாக இருப்பது எது?" என்று கேளுங்கள். தள்ளிப்போட நேர்ந்தால் அன்றைக்கே வேறு நாள் குறித்துவிடுங்கள்.

முதல் தாள்களை எடுத்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே மூன்று வரிகளை மறுபடி எழுதச் சொல்லி, இரண்டாவது வரியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.